ஊவா மலைநாட்டில் உயர்கல்வியும் உளநெருக்கீடும்

'ஸ்ட்ரெஸ்' என்று ஆங்கிலேயர் வழங்குஞ் சொல் முதலிற் பொறியியலாளருக்கே உரியதாயிருந்தது. பாலத்தின் தூண் ஒன்று எத்துணைப் பாரந் தாங்கும், எவ்வெல்லையில் அது வளையும், எவ்வெல்லையில் முறியும் என்று கணிப்பதற்கு அவர்கள் கையாண்ட அச்சொல்லை உயிர்களின் வாழ்வுக்கு உரித்தாக்கியவர் ஹான்ஸ் செலியே என்னும் மருத்துவ ஆராய்ச்சியாளர். கனடாவின் மொன்றியல் நகரில் எலிகளைக் கொண்டு ஆய்வு நிகழ்த்திய அவர், குளிர், காயம், நஞ்சு என ஊறு எதுவாயினும் அவற்றின் உடல் ஏறக்குறைய ஒரே வகையாகவே மாறுதலடைவதைக் கண்டு 1936ஆம் ஆண்டில் வெளியிட்டார். முதலில் உடல் விழிப்புறுகின்றது. பின்னர் எதிர்த்து நிற்கின்றது. ஊறு நீங்காது தொடருமாயின் ஈற்றிற் களைத்து வீழ்கின்றது. இம்மூன்று படிகளுள் நடுப்படியே மனிதரை ஏமாற்றுவது. எதிர்த்து நிற்பவன் நலமாயிருப்பவன் போலவே காணப்படுவான். ஈழத்து உளமருத்துவர் இதனைத் தமிழில் 'நெருக்கீடு' என்பர். 'மன அழுத்தம்' என்னும் வழக்கு மனச்சோர்வு நோயையுஞ் சிலவேளை சுட்டுவதால், ஈண்டு 'நெருக்கீடு' என்ற சொல்லே கொள்ளப்படுகின்றது.

தொழிலினால் வரும் நெருக்கீடு தனியே ஆராயப்பட்டது பிற்காலத்திலாகும். அமெரிக்க உளவியலாளர் ஃபுரொய்டன்பேர்கர், பிறருக்குத் தொண்டு செய்வாரிடையே காணப்பட்ட ஒருவகை வெறுமையை 1974இல் எரிந்து தீர்தல் என வருணித்தார். அவருக்குப் பின் கிறிஸ்ரினா மஸ்லாக் அதனை மூன்று கூறாகப் பகுத்தார்: உள்ளம் வற்றிப்போதல், தன்னிடம் வருவாரைப் பொருளென மதித்து விலகி நிற்றல், தான் செய்வதிற் பயனில்லை என்று எண்ணுதல். உலக சுகாதார நிறுவனம் 2019இல் இந்நிலையைத் தொழில்சார்ந்த ஒரு தோற்றப்பாடு என ஏற்றுக்கொண்டது. நோய் என்று அது கூறவில்லை என்பது கருதத்தக்கது. நோயெனின் குறை தனியொருவரின் உடலில் உளதாகும். தொழிற் தோற்றப்பாடு எனின் தொழில் அமைந்திருக்கும் முறையையே முதலில் ஆராய வேண்டியதாகின்றது.

வேலை மிகுதியே நெருக்கீட்டுக்குக் காரணம் என்பது பொதுவான எண்ணம். அது பாதி உண்மையே. கராசெக் என்பவர் 1979இல் வெளியிட்ட ஆய்வின்படி, வேலை மிகுந்தும் அவ்வேலையைத் தன் விருப்பப்படி ஒழுங்கு செய்துகொள்ளும் உரிமை குறைந்தும் இருக்குமிடத்திலேயே கேடு பெரிதும் விளைகின்றது. பிரித்தானிய அரசாங்க ஊழியரிடையே 1967 முதல் நடைபெற்ற நீண்ட ஆய்வும் இதற்குத் துணை நிற்கின்றது. பெரும் பொறுப்புச் சுமந்த மேலதிகாரிகளைவிடக் கீழ்ப்படியில் இருந்த சிற்றூழியரே இதயநோயால் அதிகம் இறந்தனர். புகைத்தல் முதலிய பழக்கங்களைக் கழித்துப் பார்த்த பின்னும் அவ்வேறுபாடு முற்றாக நீங்கவில்லை. இக்கருத்தை மனத்திற் கொண்டு ஊவா மலைகளை நோக்குவோமாக.

பதுளை, மொனராகலை என்னும் இரு மாவட்டங்களைக் கொண்டது ஊவா மாகாணம். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி பதுளை மாவட்டத்தின் மக்கள் தொகை எட்டு இலட்சத்துக்குச் சிறிது அதிகமானது. அதில் ஐந்திலொரு பங்குக்குச் சற்றுக் குறைவானோர் மலையகத் தமிழர். பசறை, மடுல்சீமை, லுணுகலை, நமுனுகுலை, தெமோதரை, ஹாலி-எல, பண்டாரவளை, அப்புத்தளை, கொஸ்லந்தை எனப் பரந்துகிடக்குந் தோட்டங்களில் அவர்களுட் பெரும்பாலார் வாழ்கின்றனர். கொழும்பிலிருந்து புறப்பட்ட இருப்புப்பாதை 1924இற் பதுளையை அடைந்து அங்கேயே முடிவுற்றது. தோட்டப் பிள்ளையின் கல்விப்பாதையும் நெடுங்காலம் அதனினும் முன்னரே முடிவுற்றிருந்தது.

1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் சட்டம், தோட்டத் தொழிலாளரின் ஆறு முதற் பத்து வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழியிற் கல்வி அளிக்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்தின்மேற் சுமத்தியது. 1945இல் இலவசக் கல்வி நாடெங்கும் வந்தபோதும், 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோதும், தோட்டப் பாடசாலை புறத்தேயே நின்றது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையான பின்னரே, 1970களின் பிற்பகுதியில், அவை படிப்படியாக அரசின் கைக்கு வந்தன. அதுவரை 'தோட்டத்து வாத்தியார்' என்பவர் துரையிடம் ஊதியம் பெற்று, ஒரே மண்டபத்தில் ஐந்து வகுப்புகளையும் ஒருங்கே வைத்துக் கற்பித்து, மாலையிற் கடிதமும் மனுவும் எழுதிக் கொடுத்து, சில தோட்டங்களில் அலுவலகக் கணக்கிலும் உதவி வாழ்ந்தவர். கராசெக் கூறிய இலக்கணத்துக்கு அவரினும் பொருத்தமான சான்று காண்டல் அரிது. வேலை ஐந்து மடங்கு, உரிமை ஒன்றுமில்லை.

1980களில் சுவீடன் அரசின் உதவியோடு தோட்டப் பாடசாலைகளின் கட்டடங்களும் ஆசிரியர் பயிற்சியுந் திருத்தமுற்றன. 1990களின் தொடக்கத்தில் ஜெர்மானிய உதவியுடன் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்தது. தோட்டத்துப் பிள்ளைகளே தோட்டத்துக்கு ஆசிரியராகத் திரும்பும் வழி இவற்றாற் பிறந்தது. இம்முன்னேற்றத்தைக் குறைத்து மதித்தல் நன்றியன்று. ஆயினும் இவ்வழியில் வந்த ஆசிரியரின் தோளில் வேறொரு பாரம் ஏறிற்று. உயர்தரப் பரீட்சைத் தகுதியோடு தொழிலிற் சேர்ந்தவர் தரமுயர்வு பெறுவதற்கும், மேல்வகுப்புகளுக்குக் கற்பிப்பதற்கும் பட்டம் வேண்டும். பல்கலைக்கழகத்தில் உள்வாரியாகச் சேரும் வாய்ப்பு முன்னரே கைநழுவியிருக்கும். எஞ்சியது வெளிவாரிப் பட்டம்.

வெளிவாரி மாணவர் என்போர் உயர்கல்வியைப் பற்றிப் பேசுவோரின் கண்ணுக்குப் பெரும்பாலும் தென்படாதவர். பல்கலைக்கழக வளாகத்தில் அவருக்கு விடுதியில்லை. நூலகத்தில் அவர் விருந்தினர். மாணவர் ஆலோசகர் என ஒருவரும் அவருக்கு இலர். மடுல்சீமைப் பகுதியில் மேற்பிரிவுத் தோட்டமொன்றிற் கற்பிக்கும் ஆசிரியை ஒருவரின் கிழமையை எண்ணிப் பார்க்கலாம். வார நாட்களில் அதிகாலையிற் சமைத்து, பிள்ளைகளை அனுப்பி, பேருந்து வருமிடம் வரை மலை இறங்கிப் பாடசாலை சேர்கின்றார். பிற்பகலில் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் வகுப்பு. இரவில் வீட்டார் உறங்கிய பின் தம் பாடநூல். சனி ஞாயிறுகளிற் பதுளையிலோ கண்டியிலோ விரிவுரை. மூன்று ஆண்டுப் பாடநெறி, பரீட்சை பிந்துவதாலும் பெறுபேறு பிந்துவதாலும், ஐந்தாறு ஆண்டுகளுக்கு நீளுதல் அரிதன்று. இவர் ஆசிரியர் படும் நெருக்கீட்டையும் மாணவர் படும் நெருக்கீட்டையும் ஒருசேரச் சுமப்பவர். எனினும் ஆசிரியரைப் பற்றிய ஆய்வில் ஆசிரியராகவும், மாணவரைப் பற்றிய ஆய்வில் எவருமல்லாதவராகவுமே எண்ணப்படுகின்றார். பட்டமளிப்பு விழாவிற் கறுப்பு அங்கியோடு நிற்கும் நடுவயதினரைக் கண்டு இளையோர் நகைப்பதுண்டு. அவ்வங்கிக்கு அவர்கள் கொடுத்த விலையை அறிந்தால் நகையார்.

ஊதியத்தின் கதையும் இதனோடு சேர்ந்ததே. ஆசிரியர், அதிபர் சம்பள முரண்பாடு 1990களிலிருந்தே தீராதிருந்து, 2021ஆம் ஆண்டு ஜூலை முதல் ஒக்ரோபர் வரை நீடித்த பெரும் பணிப்புறக்கணிப்பாக வெடித்தது. அதற்கு முன்னரே, பெருந்தோட்டப் பாடசாலைகளின் வெற்றிடங்களை நிரப்ப நியமிக்கப்பட்ட ஆசிரிய உதவியாளர்கள் மாதம் 6,000 ரூபா கொடுப்பனவோடு முழுநேர ஆசிரியரின் வேலையைச் செய்தனர். பின்னர் அது 10,000 ரூபாவாயிற்று. வகுப்பில் ஆசிரியர், சம்பளப் பட்டியலில் உதவியாளர் என்ற இந்த இரட்டை நிலை ஓர் இளைஞனின் தன்மதிப்பை எவ்வளவு அரிக்கும் என்பதை எடுத்துரைக்க வேண்டியதில்லை. உழைப்புக்கும் அதற்கு ஈடாகக் கிடைக்கும் மதிப்புக்கும் இடையிலான ஏற்றத்தாழ்வே நெருக்கீட்டின் வேர் என்று சீக்றிஸ்ட் என்னும் சமூகவியலாளர் 1996இல் நிறுவினார். மதிப்பு என்றது பணத்தை மட்டுமன்று.

இனி மாணவர் பக்கம் வருவோம். பதுளை சரசுவதி, பதுளை தமிழ் மகளிர், பண்டாரவளை, பசறை முதலிய இடங்களின் பெரும் பாடசாலைகளிலிருந்து ஆண்டுதோறும் பல்கலைக்கழகத்துக்குச் செல்வோர் உளர். நாட்டின் அனுமதி முறையில் 40 சதவீத இடங்கள் நாடளாவிய திறமை வரிசையிலும், 55 சதவீத இடங்கள் மாவட்டச் சனத்தொகை விகிதத்திலும் வழங்கப்படுகின்றன. எஞ்சிய 5 சதவீதம் கல்வியிற் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு உரியது. பதுளையும் மொனராகலையும் அப்பதினாறில் அடங்கும். இது தோட்டப் பிள்ளைக்கு வாய்த்த சலுகை என எண்ணுவோர் பலர். உண்மையில் மாவட்டம் என்பது ஒரே தரையன்று. நகரிற் பிறந்து தனியார் வகுப்புகளிற் பயின்ற மாணவனும், விஞ்ஞான ஆய்வுகூடத்தைப் பதினைந்து வயது வரை காணாத தோட்டத்து மாணவியும் ஒரே வெட்டுப்புள்ளிக்கு ஓடவேண்டும். மாவட்ட ஒதுக்கீடு மாவட்டங்களுக்கு இடையேயுள்ள மேடு பள்ளத்தைச் சிறிது நிரவுகின்றது. மாவட்டத்துக்குள்ளேயுள்ள மேடு பள்ளத்தை அது தொடுவதில்லை.

படிக்குமிடமோ லயன் காம்பிரா. ஓரறையிற் சமையல், ஓரறையிற் படுக்கை, முன்னே இஸ்தோப்பு. தாயார் காலைப் பிரட்டுக்குச் செல்லுமுன் எழுவதால் வீடு முன்னிரவிலேயே உறங்க வேண்டும். மாணவி விளக்கெரிக்க வேண்டும். அயல் வீட்டு வானொலியும் சுவரைத் தாண்டி வரும். 2020 மார்ச் மாதத்திற் கொள்ளைநோயாற் பாடசாலைகள் மூடப்பட்டு, கைத்தொலைபேசி வழியே பாடங்கள் நடைபெற்றபோது, இவ்விடர் பன்மடங்காயிற்று. லுணுகலைப் பக்கத்தில் அலைத்தொடர்பு கிட்டாமையால் மலையுச்சி மரத்திற் பரண் அமைத்துப் பிள்ளைகள் பாடம் பெற்ற செய்தி 2021இல் உலகப் பத்திரிகைகளிலும் வெளியாயிற்று. படித்தோர் அதனை வியந்து பாராட்டினர். பாராட்டைவிட ஒரு தொடர்புக் கோபுரம் பயனுடையதாயிருந்திருக்கும்.

அக்காலந் தொட்டுப் பரீட்சைகளும் தம் மாதத்தை இழந்தன. 2021ஆம் ஆண்டின் உயர்தரப் பரீட்சை 2022 பெப்ரவரியிலும், 2022ஆம் ஆண்டினது 2023 ஜனவரி, பெப்ரவரியிலும் நடைபெற்றன. வருமான வரி உயர்வை எதிர்த்துப் பல்கலைக்கழக ஆசிரியர் விடைத்தாள் திருத்த மறுத்தமையால் பெறுபேறு மேலும் பிந்தியது. பரீட்சைக்கும் பல்கலைக்கழக வாயிலுக்கும் இடையே இவ்வாறு ஓராண்டுக்கு மேற்பட்ட வெற்றுக்காலம் உண்டாகின்றது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை அதில் ஆங்கிலமோ கணினியோ கற்கும். தோட்டத்துப் பிள்ளை கொழும்பிற் புடவைக் கடைக்கோ உணவுச்சாலைக்கோ செல்லும். சென்றவருள் அனுமதிக் கடிதம் வந்தபோதும் திரும்பாதார் உளர். காத்திருத்தலும் ஒருவகை வேலையே, அதற்கு ஊதியமில்லை.

பதுளை நகரிலேயே ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் 2005ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. பசறை வீதியில் மலைச்சாரலில் அமைந்துள்ள அப்பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழினுட்பமும் பட்டப்படிப்பாக இடம்பெற்றது. கொழுந்தின் பதத்தை விரலால் தொட்டறிந்த பாட்டியாரின் பேரப்பிள்ளை அவ்வறிவை ஆங்கிலத்திற் கற்கும் காலம் வந்தது மகிழத்தக்கதே. ஆயின் போதனாமொழி ஆங்கிலம். உணவுச்சாலையிலும் விடுதியிலும் வழங்குவது சிங்களம். தமிழ் கனவுக்கு மட்டும். கலைத்துறை மாணவரோ தமிழ்மொழி வழியே கற்க யாழ்ப்பாணம், வந்தாறுமூலை, ஒலுவில், பேராதனை எனப் பிரிந்து செல்வர். பேராதனையிற் புறப்பட்டுப் பதுளை, பசறை, லுணுகலை, பிபிலை வழியாகச் செங்கலடியில் முடியும் நெடுஞ்சாலை பதுளை மாணவரைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் அருகே கொண்டு சேர்க்கின்றது. பொதிகளோடு அச்சாலையில் முதன்முறை இறங்கும் மாணவிக்குக் கீழே வெப்பமும் சமதரையும் கடற்காற்றும் புதியன. தான் பேசும் தமிழும் அயலார்க்குப் புதிதென்பதை அவள் சில நாட்களில் உணர்வாள். இனத்தால் தமிழரிடையேயே அயலாராக உணரும் இத்துன்பம் வெளியே பேசப்படுவதில்லை. அதனை மறைத்துப் பேசுவதால் நன்மை ஏதும் இல்லை.

பணத்தின் நெருக்கீடு எண்ணிப் பார்க்கக்கூடியது. மகாபொலப் புலமைப்பரிசில் பல ஆண்டுகள் மாதம் 5,000 ரூபாவாக நின்றது; 2025ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் அதனை 7,500 ரூபாவாக உயர்த்த முன்மொழியப்பட்டது. ஐயாயிரத்தை முப்பது நாளுக்குப் பகுத்தால் நாளொன்றுக்கு 167 ரூபா. 2022ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சிக்குப் பிந்திய விலையில் அது ஒருவேளைச் சோற்றுப் பொதிக்கும் போதாது. வீட்டிலிருந்து வரக்கூடியதோ நாட்கூலியிலிருந்து வரவேண்டியது; 2024 செப்டெம்பரில் அது 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. மழை மிகுந்த நாளில், கொழுந்து குறைந்த நாளில் அதுவும் முழுமையாய் வராது. நகை அடகில் இருக்கும். இவற்றையெல்லாம் அறிந்த மாணவர் வீட்டுக்குப் பேசும்போது நலம் என்றே கூறுவர். தோட்டத்தில் ஒரு பிள்ளை பல்கலைக்கழகம் சென்றது லயம் முழுவதற்கும் தெரியும். அங்ஙனமே தோற்றதும் தெரியும். முதல் தலைமுறைப் பட்டதாரியாகும் பெருமையின் மறுபக்கம் இதுவே. அவர் தமக்காக மட்டும் பரீட்சை எழுதவில்லை.

இத்தனைக்கும் மேலே பகிடிவதை. 1997இற் பேராதனையிற் பொறியியல் மாணவர் ஒருவர் அதனால் உயிரிழந்தார். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அதனைக் குற்றமாக்கிற்று. சட்டம் உண்டு; வழக்கமும் உண்டு. பேச்சையும் ஊரையும் உடையையும் கேலிக்குரியதாக்கும் அக்கொடுமை, தன் முகவரியை எழுதவே ஏற்கெனவே கூசும் பிள்ளையிடத்தில் ஆழமாகப் பதிகின்றது.

பல்கலைக்கழக ஆசிரியரும் இந்நெருக்கீட்டுக்குப் புறம்பானவரல்லர். தகுதிகாண் விரிவுரையாளர் குறித்த காலத்துள் மேற்பட்டம் பெறாவிடின் நிலையான நியமனம் இல்லை. தேசிய வருமானத்தில் 6 சதவீதத்தைக் கல்விக்கு ஒதுக்குமாறு கோரி 2012இல் அவர்கள் ஏறத்தாழ நூறு நாள் பணிப்புறக்கணிப்புச் செய்தனர். 2022இன் பின் வெளிநாடு சென்றோரின் பாடங்களை எஞ்சியோர் பகிர்ந்துகொள்ள நேர்ந்தது. 2024 மே மாதத்தில் தொடங்கிய கல்விசாரா ஊழியரின் பணிநிறுத்தம் இரு மாதங்களுக்கு மேல் நீடித்தது. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் நியாயம் இருக்கலாம். ஆனால் இழந்த நாட்களைப் பின்னர் நெருக்கி நிரப்பும்போது, அந்நெருக்கம் இறுதியில் மாணவரின் இரவுகளிலேயே வந்து தங்குகின்றது.

இவையனைத்துக்கும் பெரியோர் பலர் கூறும் மறுமொழி ஒன்றுண்டு: முன்னோர் இதனினும் கொடிய துன்பம் பொறுத்தனர், இக்காலத்தார்க்கு மனத்திடம் இல்லை. முன்னோர் பொறுத்தனர் என்பது மெய். பொறுத்தோர் எத்தனை பேர், பொறாது வீழ்ந்தோர் எத்தனை பேர் என்ற கணக்கு எவரிடமும் இல்லை. மயிலிறகேயாயினும் அளவின்றி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்ற வள்ளுவரின் கருத்து மேடைதோறும் எடுத்தாளப்படுவது. ஆயின் அவர் அதனை வைத்தது பொருட்பாலில், ஆள்வோர்க்கு உரைத்த வலியறிதல் அதிகாரத்தில். ஆகவே அது அச்சுக்குக் கூறிய அறிவுரையன்று, ஏற்றுவோருக்குக் கூறியது.

இலங்கையின் அண்மைக்கால வரலாறும் இவ்வழியே வேறொரு சான்று தருகின்றது. 1995ஆம் ஆண்டளவில் தற்கொலை விகிதத்தில் உலகின் முன்னணி நாடுகளுள் ஒன்றாக இலங்கை இருந்தது. இலட்சம் பேருக்கு நாற்பதுக்கு மேற்பட்டோர் ஆண்டுதோறும் மாண்டனர். அடுத்த பத்தாண்டுகளில் அவ்வெண் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. மக்களின் மனம் அதற்குள் இருமடங்கு திடம்பெறவில்லை. மிகக் கொடிய பூச்சிநாசினிகளின் இறக்குமதி தடுக்கப்பட்டதே அக்குறைவுக்கு முதன்மையான காரணம் என ஆய்வாளர் கண்டனர். துன்பம் வந்த வேளையில் நஞ்சு கைக்கெட்டாதபோது, பெரும்பாலோர் அவ்வேளையைக் கடந்து வாழ்ந்தனர். சூழ்நிலையில் ஒரு மாற்றம் எத்தனை உயிரைக் காக்கும் என்பதற்கு இது போதும்.

ஊவாவிற் செய்யக்கூடியனவும் இத்தகைய சிறு மாற்றங்களே. வெளிவாரியாகக் கற்கும் ஆசிரியருக்குப் பரீட்சைக்கு முன் சில வாரம் சம்பளத்தோடு கூடிய கல்வி விடுப்பு அளிப்பதால் வலயக் கல்விப் பணிமனை எதுவும் கவிழ்ந்துவிடாது. பரீட்சைக்கும் அனுமதிக்கும் இடைப்பட்ட வெற்றுக்காலத்தில், பதுளை, பண்டாரவளைப் பாடசாலைகளின் பழைய மாணவர் சங்கங்கள் ஆங்கில வகுப்பு நடத்தலாம்; கட்டடமும் உண்டு, மாலைநேரமும் உண்டு. முதலாண்டு செல்லும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அதே பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டிற் கற்கும் தம்மூர்ப் பிள்ளைகளின் பெயரைக் கொடுத்தனுப்புதல் ஒரு காசும் செலவில்லாதது. மகாபொலத் தவணை பிந்தும் மாதங்களுக்கென ஒரு சிறு கைமாற்று நிதி இருந்தால், அடகுக்கடை வாசல் ஒன்றிரண்டு குறையும்.

உள்ளத்தைத் திறந்து பேசுவதற்கு மொழி வேண்டும். பாடத்தை மூன்றாம் மொழியிற் கற்கலாம். அழுகையை அம்மொழியிற் சொல்லுதல் கடினம். பல்கலைக்கழகங்களில் மாணவர் ஆலோசகராக விளங்குவோர் பெரும்பாலும் தத்தம் பாடச் சுமையோடு அப்பொறுப்பையும் மேலதிகமாக ஏற்ற விரிவுரையாளர்களே. அவர்களுட் பயிற்சி பெற்ற தமிழறிந்தார் ஒருவரேனும் ஒவ்வொரு வளாகத்திலும் இருத்தல் இன்றியமையாதது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி எண் எந்நேரமும் அழைக்கத்தக்கது. அதனைத் தமிழில் எழுதி, அனுமதிக் கடிதத்தோடு சேர்த்து அனுப்பவும், ஆசிரியர் ஓய்வறைச் சுவரிலும் ஒட்டவும் ஒரு தாளே போதும்.